பதிவேட்டில் பெயரில்லாத எம்பிராய்டரி சாஃப்ட்வேர்

கம்ப்யூட்டர் கம்பெனியில் கண்ணும் கருத்துமாகப் பணியாற்றும் என் அக்கா மகளுக்கு, உன் ஒரே தாய்மாமன் ஆயிரம் ஆசிகளுடன் எழுதுவது. இங்கு நான் நலம். உன் அத்தை நலம். அவளுடைய எம்பிராய்டரி மிஷின் மட்டும் நலமில்லை. உன் நலத்தையும் உன் வீட்டுக்காரர் நலத்தையும் அறிய ஆவல்தான். ஆனால் அதையெல்லாம் எழுதிக்கொண்டு நேரத்தை வீணாக்காமல், இதைக் கண்டதும் நீயே புறப்பட்டு வரவும்.

இனி நான் சொல்லப்போகும் கதையை உலகத்தில் ஒரு ஜீவனும் நம்பாது என்று இந்தப் பேனாவின் மீது ஆணையிட்டு உறுதி கூறுகிறேன். எழுதுகிற எனக்கே இரண்டாம் பத்தியில் சந்தேகம் வந்துவிட்டது.

உன் அத்தை முன்னறையில் மிஷினைப் போட்டுக்கொண்டு இத்தனை வருஷமாகத் தலையணை உறையில் பூவும் கைக்குட்டையில் எழுத்துமாகப் போட்டுக்கொண்டிருந்தவள். முதல்முறையாக அவளுக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்திருக்கிறது. புதிதாகத் திறக்கப்போகும் பல் மருத்துவமனைக்கு இருநூற்று நாற்பது வெள்ளைக் கோட்டுகள், ஒவ்வொன்றின் பையிலும் சிரிக்கிற பல் ஒன்று. சனிக்கிழமை மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். தவறினால் ஆர்டர் தெருமுனைக் கடைக்குப் போய்விடும், இவளுக்கு மறுபடியும் தலையணை உறையே கதி. இன்று வியாழன். எண்பத்தாறு பற்கள் சிரித்தாயிற்று. மீதி நூற்று ஐம்பத்து நான்கு கோட்டுகளும் நாற்காலி, கட்டில், துணி காயப்போடும் கொடி என்று வீடு முழுக்க உட்கார்ந்து என்னையே முறைத்துப் பார்க்கின்றன.

நேற்றுக் காலை, மிஷினுக்குப் படம் அனுப்புகிற பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டது. சும்மா விடவில்லை. கரும்புகை கிளம்பி, கூரையை முட்டி, ஜன்னல் வழியாக வெளியேறி, மூன்று தீயணைப்பு வண்டிகள் வந்து நின்று, நான்காவது வண்டி தெருவில் இடமில்லாமல் கோபித்துக்கொண்டு திரும்பிப் போயிற்று. ரிப்பேர்காரர் அதன் வயிற்றைக் கிழித்து ஹார்டு டிஸ்க்கை மட்டும் உயிரோடு எடுத்துக் கொடுத்தார். அன்றே புதுக் கம்ப்யூட்டர் வாங்கினோம். நீயும் போனில் சொன்னாய், இல்லையென்று சொல்லவில்லை: "மாமா, எம்பிராய்டரி சாஃப்ட்வேர் ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணி ஒட்டிடாதீங்க. முறையா இன்ஸ்டால் பண்ணுங்க." முறையாகச் செய்தால் ஒரு மணி நேரம் ஆகும், ஒட்டினால் ஐந்து நிமிஷம். நான் ஒட்டினேன்.

சாஃப்ட்வேர் ஜம்மென்று திறந்தது. திரையில் பல் சிரித்தது. நானும் சிரித்தேன். 'மிஷினுக்கு அனுப்பு' என்ற பட்டனை அமுக்கினேன். "இந்த சாஃப்ட்வேர் இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை" என்று வந்தது. இல்லையா! கதவைத் திறந்து, எதிரே நின்று, வீட்டில் யாரும் இல்லை என்று ஒருவன் சொன்னால் உனக்கு எப்படி இருக்கும்? சரி, முறையாகவே செய்து தொலைப்போம் என்று இன்ஸ்டால் செய்யப் போனேன். "ஏற்கெனவே இருக்கிறது, முதலில் அகற்றவும்" என்றது. அகற்றப் போனேன். "இல்லாததை அகற்ற முடியாது" என்றது. இப்படி என்னை வாசலுக்கும் கொல்லைக்கும் எழுநூறு தடவை நடக்கவிட்டதில் என் செருப்பே தேய்ந்துவிட்டது. இத்தனைக்கும் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

மிஷின் கம்பெனியின் உதவி மையத்துக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"சார், பதிப்பு எண் சொல்லுங்க."

பதிவு எண் என்று என் காதில் விழுந்தது. ஸ்கூட்டர் எண்ணைச் சொன்னேன்.

"அப்படி ஒரு பதிப்பே இல்லையே சார்."

"என்னம்மா இல்லைங்கற? பதினேழு வருஷமா ஓட்டிட்டிருக்கேன்!"

"நல்லா ஓடுதா சார்?"

"நேத்து மழையில நனைஞ்சதுலேர்ந்து ஒரே இருமல். உதைச்சாத்தான் கிளம்புது."

"சார்... தயவுசெஞ்சு கம்ப்யூட்டரை உதைக்காதீங்க."

இப்படியே பேசி, பருவங்கள் மாறி, மரங்கள் இலையுதிர்த்துத் துளிர்த்த பிறகு விஷயம் விளங்கிற்று. கம்ப்யூட்டருக்குள் ஒரு பதிவேடு இருக்கிறதாம். முறையாகக் குடிவந்த சாஃப்ட்வேர்களின் பெயர், பதிப்பு, வெளியிட்டவர், இருப்பிடம் எல்லாம் அதில் ஏறுமாம். பெட்டி படுக்கையோடு பின்வாசல் வழியாக வந்து படுத்துக்கொண்டதற்கு அதில் பெயர் கிடையாது. யார் கேட்டாலும் கம்ப்யூட்டர் அறைக்குள் எட்டிப் பார்க்காது, பதிவேட்டைத்தான் பார்க்கும்.

மருமகளே, நான் யார்? பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டியவன். எதிரே மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற பெரியவரிடம், "ஐயா, நீங்க போன மாசமே காலமாயிட்டீங்க, ரிஜிஸ்டர்ல இருக்கு, வேணும்னா நாளைக்கு வாங்க" என்று சொன்னவன். எனக்கே இந்த கதியா என்று நெஞ்சு பொருமினாலும், உள்ளூர ஒரு பெருமிதம். நம்ம டிபார்ட்மென்ட்!

"கையாலயும் பதிவு பண்ணலாம் சார். ஒரு சின்ன படிவம் இருக்கு. திறந்துட்டீங்களா? நான் ஒவ்வொண்ணா சொல்றேன்..."

"படிவமா? அம்மா, நீ போனை வை" என்றேன்.

நிமிர்ந்து உட்கார்ந்து நிரப்பினேன். பெயர், பதிப்பு, வெளியிட்டவர், இருப்பிடம். நிறுவிய தேதி என்ற கட்டத்தில் இன்றைய தேதி. கடைசியாக ஒரு கட்டம்: அகற்றிய தேதி. நியாயமாக அதைக் காலியாக விட வேண்டும். ஆனால் என் மேஜையைத் தாண்டி ஒரு காலிக் கட்டம் போனதாகச் சரித்திரம் கிடையாது. கை தன்பாட்டுக்கு எழுதிவிட்டது. அங்கேயும் இன்றைய தேதி. சேமித்தேன்.

"இந்த சாஃப்ட்வேர் இன்று நிறுவப்பட்டு, இன்றே அகற்றப்பட்டது" என்று வந்தது. அதற்குப் பிறகு அது திறக்கவும் மறுத்துவிட்டது. திரையிலிருந்த பல்லும் விழுந்துவிட்டது. ஜனனமும் மரணமும் ஒரே வரியில், ஒரே கையெழுத்தில், என் கையெழுத்தில். திருத்தப் போனால், அகற்றப்பட்டதைத் திருத்த உதவி மையத்தின் ரகசிய எண் வேண்டுமாம். போனை வை என்று நானே சொன்ன பெண்ணிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

அந்த நேரம் பார்த்து உன் அத்தை உள்ளே வந்தாள், கையில் கோட்டு.

"ஏங்க, பல்லு எங்க?"

"வந்துட்டே இருக்கு."

"எங்கேர்ந்து?"

"பதிவேட்டுல ஒரு சின்ன நிர்வாகச் சிக்கல்."

"ரிட்டயர் ஆகி வீட்டுக்கு வந்தீங்கன்னு பார்த்தா, ஆபீஸையும் கையோட கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

என்று அவள் போட்ட முழக்கத்தில் கண்ணாடி ஜன்னல்கள் கலகலத்தன, பக்கத்துத் தெரு நாய்கள் நான்கு நிரந்தரமாகக் குடிபெயர்ந்தன. அப்புறம் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, "சனிக்கிழமைக்குள்ள ஆயிடுமாங்க?" என்று கேட்டாள்.

"ஆயிடும்" என்றேன்.

ஆகையால், நீ வந்து அந்த சாஃப்ட்வேரை எழுப்பிக் கொடுத்துவிட்டு, அத்தை கேட்டால் கம்ப்யூட்டருக்குப் பிறவியிலேயே கோளாறு என்று மட்டும் சொல்லவும். காலிக் கட்டத்தைப் பற்றி மூச்சு விடாதே. நீயும் உன் வீட்டுக்காரரும் எல்லா வளமும் பெற்று, எந்தப் பதிவேட்டிலும் பெயர் விடுபடாமல் நூறாண்டு வாழ வேண்டுமென்று வாழ்த்தும்,

உன் மாமன்.

பின்குறிப்பு: வர வேண்டாம். கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தபோதே முன்னறையில் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், உன் அத்தை உதவி மையத்துக்குப் போன் செய்து, "எங்க வீட்டுக்காரர் எல்லாக் கட்டத்தையும் நிரப்பிட்டாரும்மா" என்றாளாம். அந்தப் பெண் வெகுநேரம் சிரித்துவிட்டு ரகசிய எண்ணைக் கொடுத்தாளாம். நான்கு நிமிஷ வேலை. நூற்று மூன்றாவது பல் சிரித்துக்கொண்டிருக்கிறது. மேலும், தீயணைப்பு வண்டி எதுவும் வரவில்லை. பழைய கம்ப்யூட்டர் சும்மா ஓடாமல் நின்றுபோயிற்று, அவ்வளவுதான். நாய்கள் அங்கேயேதான் இருக்கின்றன. உன் அத்தை குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் ஒரு சிறு பகுதி மட்டும் கலப்படமில்லாத நிஜம்: சனிக்கிழமைக்குள் ஆகுமா என்று அவள் கேட்டதும், ஒரு மண்ணும் தெரியாமல் நான் ஆயிடும் என்றதும். நல்லவேளை, அதை அவள் நம்பவில்லை.