நாற்பது கட்டில், ஒன்பது பேர்

மூன்றாம் நாள் காலை டெல்லா க்ருகரின் சீட்டில் ஒரே ஒரு வீட்டின் பெயர்தான் இருந்தது.

முதல் நாள் பத்து வீடு. டெல்லா சேர்ந்த பல்கலைக்கழகத்தில் மாணவியர் சங்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு உண்டு; சேர விரும்புகிறவர்கள் எல்லா வீட்டுக்கும் போக, பிடித்தவர்களை மட்டும் வீடுகள் மறுபடி கூப்பிடும். பத்து வாசலிலும் பெண்கள் கைதட்டிப் பாடி வரவேற்றார்கள். எந்த ஊர், என்ன படிப்பு என்று கேட்டுச் சிரித்தார்கள். டெல்லாவும் கன்னம் வலிக்கச் சிரித்தாள். மறுநாள் மூன்று வீடுகள்தான் அவளைத் திரும்பக் கூப்பிட்டன. சிரித்தது போதவில்லை போலிருக்கிறது என்று அன்று இரண்டு பங்கு சிரித்தாள். இப்போது ஒன்று.

"அங்க எல்லாருமே ரொம்ப நல்ல பொண்ணுங்க," என்றாள் சீட்டு கொடுத்த மூத்த மாணவி. துக்க வீட்டுக்கு வழி சொல்கிற குரல்.

"நான் வேண்டாம்னு சொல்லிட்டா?"

"அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்கணும்."

விடுதியில் டெல்லாவின் மாடியில் இருந்த அத்தனை பேரும் ஏதோ ஒரு வீட்டுக்குப் போகிறவர்கள். நெப்ராஸ்கா மாநிலத்தின் மேற்குக் கோடியில், ஆளைவிட மாடு அதிகமான ஊரிலிருந்து வந்தவள் அவள். இங்கே ஒருத்தரையும் தெரியாது. போனாள்.

வாசல் மேல் சங்கத்தின் பெயராக மூன்று கிரேக்க எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன. உள்ளே எட்டுப் பேர். நாற்பது பேர் பாட வேண்டிய பாட்டை எட்டுப் பேர் பாடினார்கள். நடுவில் ஒருத்திக்கு இருமல் வந்ததும் ஏழு பேர் பாடினார்கள்.

தலைவி ஜோலீன் பார்டா டெல்லாவை உட்கார வைத்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். தன் அம்மாவும் இதே வீட்டில் இருந்தவள், இதே ஜன்னல் பக்கம் உட்கார்ந்து படித்தவள், போன மார்ச்சில் இறந்துபோனாள் என்றாள். அழவில்லை. தகவல் சொல்வது போலத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு டெல்லாவால் அந்தக் கையை விடுவித்துக்கொள்ள முடியவில்லை. அன்று மாலையே பெட்டியோடு வந்து ஒன்பதாவது ஆளாகச் சேர்ந்துவிட்டாள்.

நாற்பது பேருக்குக் கட்டிய வீடு. மேல் மாடியில் கட்டில்கள் மெத்தை இல்லாமல் வரிசையாக நின்றன. கீழே மட்டும்தான் வெப்பம் வரும். ஆளுக்கு மூன்று பதவி. டெல்லாவுக்கு வந்த வாரமே பாட்டுப் பொறுப்பு, சமையலறைப் பொறுப்பு, பிரார்த்தனைப் பொறுப்பு. சுவரில் பூஞ்சை. சாப்பாட்டு மேசையில் யாராவது ஒரு நாளைக்கு ஒரு முறையாவது, "நம்ம வீடு மாதிரி வருமாடி," என்பார்கள். மற்றவர்கள் ஆமாம் ஆமாம் என்று வேகமாகத் தலையாட்டுவார்கள்.

அக்டோபரில் டெல்லா விலகிவிட முடிவு செய்தாள். ஜோலீன் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஜோலீன், ஒரு விஷயம் சொல்லணும்."

"நான் முதல்ல சொல்லிடறேன். நீ வந்ததுக்கப்புறம்தான் எனக்குச் சாப்பாடே இறங்குது."

சொல்லிவிட்டு, தன் அம்மாவின் சங்கச் சின்னத்தைக் கழற்றி டெல்லாவின் சட்டையில் குத்திவிட்டாள். என்ன விஷயம் என்று ஜோலீன் கேட்டபோது, துடைக்கிற துணி ஈரம் போதவில்லை என்றாள் டெல்லா.

சரி, அவர்களே வெளியே அனுப்பட்டும் என்று மூன்று கூட்டங்களுக்கு வரிசையாகப் போகாமல் இருந்தாள். நான்காவது கூட்டத்தன்று எட்டுப் பேரும் சூப்புடன் அவள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். பிள்ளைக்கு மனசு சரியில்லை என்று முடிவாகிவிட்டது. அன்றிலிருந்து அவளைத் தனியாக விடக்கூடாது என்று ப்ரிட்டா என்பவளைத் துணைக்குப் போட்டார்கள். ப்ரிட்டா குளியலறை வாசலில்கூட நின்றாள். ஒரு நாள் துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் ப்ரிட்டா சத்தமில்லாமல் அழுவதை டெல்லா பார்த்தாள். வீட்டின் மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்து, தன் மேலேயே வெறுப்பு வந்தது அவளுக்கு.

புதிதாக நாலு பேர் சேர்ந்தால் தான் போவது தெரியாது என்று அடுத்த யோசனை. ஜனவரியில் விருந்து ஏற்பாடு செய்தாள். பெரிய அண்டாவில் பீன்ஸும் இறைச்சியும் போட்ட சில்லிக் குழம்பு, தட்டுத் தட்டாக இலவங்கப்பட்டை மணக்கும் ரொட்டி ரோல். அறுபது அழைப்பு. இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி வழியில் அவசரமாகக் கழிவறை தேடியவள். இன்னொருத்தி வீடு மாறி வந்தவள்; சாப்பிட்டுவிட்டு, போக வேண்டிய வீட்டுக்கு வழி கேட்டுப் போனாள்.

மீதிச் சில்லியை ஒன்பது பேரும் எட்டு நாள் தின்றார்கள். ஒன்பதாம் நாள் கூட்டத்தில் ஜோலீன் எழுந்து, இந்த வீட்டுக்காக இவ்வளவு பாடுபட்டவளை இதுவரை பார்த்ததில்லை என்று சொல்லி, அடுத்த தலைவியாக டெல்லாவின் பெயரை முன்மொழிந்தாள். எட்டுக் கையும் மின்னல் மாதிரி மேலே போயின.

இனி பட்டம் வாங்கும்வரை இந்தப் பூஞ்சைதான் என்று டெல்லாவுக்குப் புரிந்தது. மறுநாள் நூலகத்தில் உட்கார்ந்து, சங்கத் தலைமையகத்துக்கு ஒரு கடிதம் தட்டினாள். இந்த வீட்டை மூடிவிடுங்கள், ஆனால் உங்கள் முடிவு போலச் சொல்லுங்கள், இங்கே இருப்பவர்கள் மனசு உடைந்துவிடுவார்கள் என்று எழுதினாள். ஜோலீனின் அம்மாவைப் பற்றியும் எழுதினாள். கீழே பெயர் போடவில்லை. தபால் பெட்டியில் போட்டுவிட்டு வரும்போது கொலை செய்துவிட்டு வருகிறவள் போலத்தான் நடந்தாள்.

பிப்ரவரியில் பதில் வந்தது. நிலைமையை நேரில் பார்க்க ஒருவர் வருகிறார். ஜோலீன் சாப்பாட்டு மேசையில் அதைப் படித்தாள். ப்ரிட்டா கையிலிருந்து கரண்டி நழுவியது. எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். பாவம், அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டாள் டெல்லா.

தலைமையகத்திலிருந்து மிஸ் ஹால்வர்சன் முழங்கால் வரை பனியில் நடந்து வந்தார். அறுபது வயதிருக்கும். ஒன்பது பேரும் வெள்ளை உடை உடுத்தி வாசலில் பாடினார்கள். அவர் பூட்ஸைக் கழற்றி, மேல் மாடிக் கட்டில்களைப் பார்த்து, பூஞ்சையை விரலால் தொட்டு முகர்ந்து, கூடத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சுத்தி வளைக்காம கேக்கறேன். இந்த வீடு இருக்கணும்னு நெனைக்கிறவங்க கை தூக்குங்க."

டெல்லா ஜோலீனைப் பார்த்தாள். ஜோலீன் கை மேலே இருந்தது. புதுத் தலைவி தூக்காமல் இருக்க முடியுமா? தூக்கினாள். மற்ற ஏழும் தூக்கின. போதாதென்று டெல்லா எழுந்து, இது வெறும் கட்டிடம் இல்லை, எங்கள் ஒன்பது பேரின் உயிர் என்று பேசினாள். பேசப் பேச நிஜமாகவே அழுகை வந்தது. ஜோலீன் அழுதாள். ப்ரிட்டா தேம்பினாள். கடைசியில் எல்லோரும் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதார்கள்.

மிஸ் ஹால்வர்சன் அழுகை ஓயும் வரை காத்திருந்தார். பிறகு கைப்பையைத் திறந்து, ரப்பர் வளையம் போட்ட காகிதக் கட்டு ஒன்றை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"அக்டோபர்லேர்ந்து இந்த வீட்டுலேர்ந்து எனக்கு ஒன்பது லெட்டர் வந்திருக்கு, ஒண்ணுலயும் பேர் இல்ல, ஒன்பதுலயும் ஒரே விஷயம்தான்: நான் தாங்கிக்குவேன், மத்தவங்கதான் தாங்க மாட்டாங்க, தயவுசெஞ்சு நீங்களா மூடற மாதிரி மூடிடுங்க."