வயித்துக்குத்து டொக்டர்

மட்டக்களப்பில் வயித்துக்குத்து டொக்டரைப் போல வயிற்றுவலியால் துடித்த மனிதர் எவரும் இல்லை. ஒரேயொரு நாளைத் தவிர, அவருக்கு ஆயுளில் வயிறு வலித்ததும் இல்லை.

போதனா வைத்தியசாலையின் சிறுவர் விடுதிக்கு அவர் நிபுணர், சத்திரசிகிச்சைக்கு நான். தன்னை முதலில் சோதித்துப் பார்க்காத பிள்ளையைத் தான் தொடுவதில்லை என்பது அவருடைய சட்டம். காலையில் விடுதிக்குள் நுழைந்ததும் வெறுங்கட்டில் ஒன்றில் தொப்பென்று விழுவார். "ஐயோ, வயிறு குத்துதே! ஆரும் பெரிய டொக்டர்மார் இல்லியா?" என்று புரளுவார். காய்ச்சல்காரப் பிள்ளைகள் எழும்பி வந்து அவர் வயிற்றை அமுக்குவார்கள், ஸ்டெதஸ்கோப்பை மூக்கில் வைப்பார்கள், பெரிய ஊசியாகப் போடச் சொல்வார்கள். மருத்துவ மாணவர்கள் சுற்றி நின்று கைதட்ட வேண்டும். வயிறும் சாதாரண வயிறல்ல. அவர் சிரித்து முடித்த பிறகும் அது கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருக்கும்.

காத்தான்குடித் தாய் ஒருத்தி ஒருநாள் கேட்டாள்: "டொக்டர், ஒங்களுக்கு நாள் தவறாம வயித்துக்குத்தெண்டா எங்கட புள்ளையள ஆரு பாக்கிற?"

"உங்கட மகன் என்னப் பாக்கானேகா. மறுகா நான் அவனப் பாப்பன்."

சுனாமிக்குப் பிந்திய நாட்களில் ஒரு சிறுமியைக் கொண்டுவந்தார்கள். ஐந்து வயது இருக்கும். வாவிக்கரைக் கண்டல் மரங்களுக்குள் அவளைக் கண்டெடுத்தவர்களுக்கு அவள் பெயர் தெரியாது. அவளும் வாய் திறக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே ஆழமான காயம், உள்ளே சேறும் மணலும். யாராவது கிட்டப் போனால் கட்டிலுக்கடியில் புகுந்து சுவரோடு ஒட்டிக்கொள்வாள்.

"நாலு பேர் பிடிச்சா மயக்க ஊசி போட்டிரலாம், அண்ணன். விட்டா கால் போயிரும்" என்றேன்.

"தண்ணி பிடிச்சு இழுத்த புள்ள, தம்பி. நாமளும் பிடிச்சு இழுக்கிறதா? பின்னேரம் வரைக்கும் பொறு."

மாணவர்களுக்கு முன்னால் அவரைக் கோமாளி என்றேன். என் கவலை நியாயமானது. அந்தச் சொல் நியாயமானதல்ல. அவர் "ஓம்" என்று தலையாட்டிவிட்டுத் தரையில் படுத்தார்.

வழமையான ஓலம். சிறுமி அசையவில்லை. மெல்ல மெல்ல உருண்டு அவரும் கட்டிலுக்கடியில் நுழைந்தார். தலை போனது, தோள் போனது, வயிறு போகவில்லை. இரும்புச் சட்டம் அதன்மேல் அழுந்தி நின்றது. உள்ளேயும் போக முடியவில்லை, வெளியேயும் வர முடியவில்லை.

"ஐயோ, மாட்டிட்டன்! மூச்சு முட்டுது! தூக்குங்கடா!"

மாணவர்கள் கைதட்டினார்கள்.

"இண்டைக்கு நடிப்பு விசேசம், சேர்!" என்றான் ஒருவன்.

"நடிப்பில்லடா மடையா!"

இன்னும் பலமாகத் தட்டினார்கள். தாதிமார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் கைகட்டி நின்றேன். அவர் முகத்தைப் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தவள் அந்தச் சிறுமி மட்டும்தான்.

கட்டிலுக்கடியிலிருந்து கீச்சென்று ஒரு குரல் வந்தது: "மெய்யா மாட்டிட்டாருகா! கட்டிலத் தூக்குங்க!"

கைதட்டல் அப்படியே நின்றது. ஓடிப்போய்க் கட்டிலைத் தூக்கினோம். அவள் அவர் பக்கத்தில் குந்தி, சட்டம் பதிந்த வயிற்றைத் தடவினாள்.

"நோகுதா?"

"நோகுது மகள். உனக்கு?"

காலை நீட்டிக் காட்டினாள். தன் பெயர் வதனி என்றும் சொன்னாள். மயக்கம் வரும்வரை அவருடைய விரலை விடவில்லை. நான் காயத்தைச் சுத்தம் செய்தேன், கால் தப்பியது. பிறகு குருக்கள்மடத்திலிருந்து அவளுடைய பெரியம்மா தேடி வந்து கூட்டிப்போனார்.

போர் முடிந்த வருடம் இருவரும் எங்களைப் பார்க்க வந்தார்கள். வதனி நன்றாக வளர்ந்திருந்தாள். வாசலிலேயே எங்களைக் கண்டு, பெரியம்மாவின் கையை உதறிவிட்டு ஓடிவரத் தொடங்கினாள். நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மெல்ல வரச் சொல்லுங்க அண்ணன், விழுந்திருவாள்!"

"விழட்டும் தம்பி" என்று அவர் என் தோளில் கைபோட்டார். "நீ இரிக்காய்தானே."