தாலியை இன்னொருக்கால் கட்டச் சொன்ன அமெரிக்கன்

மொன்றியல் டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலையை விட்டுவிட்டு நடந்து வந்துகொண்டிருந்தேன். நானாக விட்டேனா அவர்கள் விட்டார்களா என்பது இப்போது முக்கியமில்லை. பஸ்ஸும் மெற்றோவும் மாறி பார்க் எக்ஸ்டென்ஷனில் இறங்கி, இனி எங்கே படுப்பது என்று யோசித்தபடி ஒரு பின் ஒழுங்கைக்குள் திரும்பினேன். பனியில் ஒரு வெள்ளைக்காரர் மல்லாந்து கிடந்தார். செத்துவிட்டார் என்று நினைத்துக் கிட்டப் போனேன்.

“வந்த வழியே திரும்பிப் போ. இன்னொருக்கால் நடந்து வா. இந்த முறை என்னைப் பாராதை” என்றது பிணம்.

வேலை போனவனுக்கு வேறு வேலை ஏது. நாலு தரம் நடந்தேன். நாலாம் தரம் அவர் கிடந்தபடியே கைதட்டினார்.

மொன்றியல் தமிழர்கள் கட்சி, கோயில், ஊர் எதுவும் பாராமல் ஒற்றுமையாகத் திட்டிய ஒரே மனிதர் இவர்தான். சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. எங்களுக்கு அவர் கட் அண்ணை. மாடிப்படியில் சோதி அக்கா மகளை ஏசிக்கொண்டிருந்தால் நடுவில் புகுந்து, “கட். கோபம் காணாது, வயித்துக்குள்ளையிருந்து வரோணும்” என்பார். மூலைக் கடைக்காரி அலுப்போடு ‘பொன்ஜூர்’ சொன்னால் வெளியே போய், கதவைத் திறந்து திரும்ப வருவார். அவளும் திரும்பச் சொல்ல வேண்டும்.

அவர் பேசியது அமெரிக்க ஆங்கிலம். நான் படித்தது எட்டாம் வகுப்பு. ஆகவே அவர் சொன்னது எல்லாம் இங்கே யாழ்ப்பாணத் தமிழில்தான் வரும். எனக்கு அப்படித்தான் கேட்டது.

கட் அண்ணை உண்மையிலேயே சினிமா டைரக்டர். பதினொரு படம் எடுத்தவர். பதினொன்றிலும் மொன்றியல்தான் நியூயோர்க்காக நடித்தது, செலவு குறைவு என்பதால். பிரெஞ்சுப் பலகைகளை மறைப்பதிலேயே பாதி ஆயுள் போயிற்று. கடைசிப் படத்தில் நியூயோர்க் கொலைகாரன் ஒருவன் ஓடும்போது, ‘நில்’ என்று பிரெஞ்சில் எழுதிய சிவப்புப் பலகை பின்னால் பளிச்சென்று நின்றது. சனம் அழவேண்டிய இடத்தில் சிரித்தது. தயாரிப்பாளர் காணாமல் போனார். மூன்று கிழமைக்கு என்று வந்த கட் அண்ணை முப்பது வருசமாக இங்கேயே நின்றுவிட்டார். அதைக் கேட்டு நான் ஆச்சரியப்படவில்லை. எங்கள் கட்டடத்தில் எல்லோரும் அப்படி வந்தவர்கள்தான்.

அவர் வீட்டில் எனக்குப் படுக்க இடம் கிடைத்தது, ஒன்பது கதவுகளுக்கு நடுவில். ஒவ்வொரு ஜூலை முதலாம் திகதியும் ஊரே வீடு மாறும்போது தெருவில் எறியும் கதவுகளை அவர் தூக்கி வந்துவிடுவார். ஏன் என்று கேட்டேன்.

“படத்திலை சனம் வாறதும் போறதும் எதாலை?”

எங்களுக்குக் கீழ் வீடுதான் சோதி அக்கா. மகளுக்குக் கலியாணம் வைத்திருந்த கிழமை, பேசி வைத்த வீடியோக்காரர் ஐஸில் சறுக்கிக் கையை முறித்துக்கொண்டார். அக்கா மேலே வந்தார்.

“தம்பி, உங்கடை ஆள் படம் எடுக்கிறவராமே.”

“எடுத்தவர், அக்கா. அது ஒரு காலத்திலை.”

“எனக்கு அந்தக் காலம் போதும். என்ரை மனுசனுக்கு ரெண்டு தரம் விசா இல்லையெண்டு போட்டாங்கள். திருகோணமலையிலை குந்திக்கொண்டிருக்கிறார். போனிலை காட்டினா லைன் அறுந்து அறுந்து என்ரை மூக்கு மட்டும்தான் தெரியுதாம். மகளுக்குத் தாலி கட்டுறதை மனுசன் ஒழுங்காப் பாக்கோணும். அவ்வளவுதான்.”

நான் மொழிபெயர்த்தேன். கட் அண்ணை எழுந்து நின்று கேட்டார். கேட்டு முடிந்ததும் முதல் கேள்வி: “ஸ்கிரிப்ட் எங்கை?”

“ஐயரிட்டை. சமஸ்கிருதம்.”

“கதாநாயகன்?”

மாப்பிள்ளையின் படத்தைக் காட்டினேன். கனநேரம் பார்த்தார். “முகத்திலை ஒண்டும் நடக்கேல்லை. நாங்கள் எடுக்கப்போறது பொம்பிளையின்ரை தாயின்ரை படம்.”

பிறகு இரண்டு நாள் ஒத்திகை. பொம்பிளையாக நானே இருந்தேன். மாப்பிள்ளையாக ஒரு கதவு.

கலியாணத்தன்று காலை குளிரில் கமெராவின் பற்றரிகள் செத்துக்கொண்டே இருந்தன. நான்கு பற்றரிகளைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்கும் பொறுப்பு எனக்கு. மண்டபத்துக்குள்ளும் இரண்டு கையையும் இறுக்கியபடி நின்றேன். ‘பொடியனுக்கு நல்ல மரியாதை’ என்று ஒரு கிழவர் மெச்சினார்.

முகூர்த்தம் வந்தது. கெட்டிமேளம். மாப்பிள்ளை தாலிக்கொடியைக் கழுத்தில் போட்டு அதன் திருகுச் சுரையைப் பூட்டுகிற அந்தக் கணத்தில், பொம்பிளையின் பெரியப்பா தாம்பாளம் அளவு டப்லெட் ஒன்றைப் படம் பிடிக்கவெனத் தூக்கிக்கொண்டு கமெராவுக்கு நேர் முன்னே எழும்பினார். திருகோணமலைக்குப் போகவேண்டிய படம் முழுவதும் பெரியப்பாவின் முதுகு.

“கட்!”

நாதஸ்வரம் பாதி ஊதலில் நின்றது. தவில்காரரின் கை அந்தரத்தில் நின்றது. ஐயர் வாய் திறந்தபடி நின்றார்.

“நல்லாயிருந்தது. இன்னொருக்கால். கொடியைக் கழட்டு, தொடக்கத்திலை இருந்து வருவம்.”

மாப்பிள்ளை சொல்வழி கேட்கிற பிள்ளை. சுரையைக் கழட்டத் தொடங்கிவிட்டார்.

ஐயர் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். மாப்பிள்ளையின் தாய், “தாலியைக் கழட்டவோ? என்ரை பிள்ளையைக் கொண்டே கழட்டவோ?” என்று எழும்ப, மண்டபமே எழும்பியது. ஒரு நிமிசத்தில் நாங்கள் கமெராவோடு கார் தரிப்பிடத்தில் நின்றோம். கடைசியாகப் பார்த்தது சோதி அக்காவின் முகம். கோபமில்லை. விசா அலுவலகத்தில் மூன்றாந்தரமும் இல்லையென்று சொன்னால் அப்படித்தான் இருந்திருக்கும்.

“போவம் அண்ணை.”

அவர் அசையவில்லை. மண்டபத்தின் பின் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டினார். “பற்றரி.”

கதவுக்கு உள்ளே சமையல் அறைப் பக்கம் சோதி அக்கா தனியே வந்து நின்றார், பட்டுச்சேலைப் பளபளப்போடு, காதில் போன். கத்திக் கத்திக் கதைத்ததால் வெளியே எங்களுக்கும் கேட்டது.

“ஓமப்பா, கட்டியாச்சு. இல்லை, கழட்டேல்லை, ஐயர் பிடிச்சிட்டார். கூறை சிவப்புத்தான், நீங்கள் சொன்ன அதே சிவப்பு. கேக்குதோ? பிள்ளை தலையைக் குனிஞ்சு இருந்தவள். நீங்கள் இருக்கிற பக்கம் எதெண்டு என்னட்டைக் கேட்டவள். நான் சும்மா வாசல் பக்கத்தைக் காட்டினனான்.”

பன்னிரண்டு நிமிசம் கமெரா ஓடியது. மூன்று பற்றரி போயிற்று. கட் அண்ணை ஒருதரம்கூடக் ‘கட்’ சொல்லவில்லை.

தாலி கட்டிய காட்சிக்கு நான் வீடு வீடாக அலைந்தேன். கட் அண்ணையைத் திட்டிய எல்லோர் கையிலும் அந்த நேரம் போன் இருந்ததே. போன இடமெல்லாம் தேத்தண்ணி, ஏச்சு, ஒரு துண்டு வீடியோ. பெரியப்பா டப்லெட்டையே தந்துவிட்டார். “அந்த விசரனிட்டைச் சொல்லு, நான்தான் வடிவா எடுத்தனான்.” உண்மைதான், வடிவாகத்தான் எடுத்திருந்தார். பத்து நாள் கதவுகளுக்கு நடுவில் இருந்து வெட்டி ஒட்டி, படத்தைத் திருகோணமலைக்கு அனுப்பினோம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சோதி அக்கா போனைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடிவந்தார். “இவர் கதைக்கோணுமாம்.”

லைன் அன்றைக்கு அறுபடவில்லை. “தம்பி, தாலி கட்டினது நல்ல வடிவு. ஆனா அந்தக் கண்ணாடிக் கதவிலை சோதி நிக்கிறது, அதை இன்னும் கொஞ்ச நேரம் விடச் சொல்லு. முடியேக்கை எனக்குப் போதாமல் கிடந்தது.”

மொழிபெயர்த்தேன். கட் அண்ணை கதவுகளின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இன்னொருக்கால் சொல்லு” என்றார்.

மூன்று தரம் சொன்னேன். சோதி அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “நாளைக்கு சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவிலை என்ரை மச்சாள் வீட்டிலை சாமத்தியச் சடங்கு. ரெண்டு பேரும் வாங்கோ. கழட்டுறதுக்கு அங்கை ஒண்டும் இல்லை” என்றார்.

அடுத்த நாள் காலமை போனோம். அங்கே எனக்குத் தந்த வேலை, பெரியப்பாமார் எழும்பாமல் பார்ப்பது. ஆராத்தி எடுக்கும் நேரம் முதலாவது ஆள் எழும்ப அரக்கினார். தோளில் மெல்லக் கை வைத்து இருத்தினேன். கமெராவுக்குப் பின்னால் இருந்து கட் அண்ணை எனக்குத் தலையை ஆட்டினார். அந்த ஒரு தலையாட்டலுக்காக நான்கு வருசம், அவர் கண் மூடும் வரைக்கும், அந்த வேலையில் நின்றேன்.