அத்தான், கொத்தனாரை உட்கார வையுங்கள்

அன்பிலும் கோபத்திலும் குறை வைக்காத அத்தானுக்கு,

மைத்துனன் பணிவோடு எழுதுவது. நான் நலம். நீங்களும் அக்காவும் குழந்தைகளும் தியேட்டரும் நலமென்று நம்புகிறேன். தியேட்டரின் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. போனில் கூப்பிட்டால் சுத்தியல் சத்தத்தில் உங்களுக்குக் கேட்பதில்லை, ஆகவே அக்காவின் மின்னஞ்சலுக்கு அனுப்புகிறேன். அவள் படித்துக் காட்டும்போது முதலிலேயே இதைச் சொல்லிவிடட்டும்: பின்கதவை அடைக்காதீர்கள்.

போன மாதம் நீங்கள்தான் கேட்டீர்கள். "மாப்ளே, கூட்டம் எப்படி ஓடும்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுறதுதானே உன் வேலை? தீப்பிடிச்சா ஜனங்க வெளிய போக முன்வாசல் ஒண்ணு போதுமான்னு பாத்துச் சொல்லு. போதும்னா பின்கதவ அடைச்சு பாப்கார்ன் கடை போட்டுடறேன்." நானும் உங்கள் கட்டட வரைபடத்தை வாங்கி, சுவர், கதவு, நாற்காலி எல்லாவற்றையும் கணினிக்குள் கட்டி, ஹவுஸ்ஃபுல்லாக ஆட்களை உட்காரவைத்து, அபாய மணியை அடித்தேன். எண்கள் வந்தன. மூன்றே நிமிடத்தில் எல்லோரும் வெளியே, ஒருவர்கூட மீதியில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "தாராளமா அடைங்க அத்தான்" என்று சொல்லிவிட்டேன்.

அங்கேதான் சறுக்கினேன். எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் எண்ணை நம்புவதற்கு முன் படம் போட்டுப் பார்ப்பது பல் தேய்ப்பது மாதிரி. பத்திரிகையில் வரும் பளபளப்பான படமல்ல, அவரவர் கண்ணுக்கு மட்டுமான அவசர, அவலட்சணப் படம். பக்கத்து மேசைக்காரி தானியக் கிடங்கில் கோதுமை கொட்டுவதைக் கணக்கிடுகிறவள். அவளுடைய எண்களும் ஒருமுறை கச்சிதமாக வந்தன, படத்தில் பார்த்தால் கோதுமை முழுக்கக் கூரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கழித்தல் குறியை விட்டுவிட்டாளாம். அன்றிலிருந்து அவள் யாரையும் "சாப்டியா" என்று கேட்பதில்லை, "படம் போட்டுப் பாத்தியா" என்றுதான் கேட்பாள். இன்று காலை என்னையும் கேட்டாள். "நம்பர் எல்லாம் அழகா வந்திருக்கு, படம் எதுக்கு" என்றேன். "அழகா வந்தாத்தான் பயம். போடு" என்றாள்.

போட்டேன். உங்கள் வரைபடத்தின் மேல் ஜனங்களைப் பச்சைப் புள்ளிகளாகத் தூவினேன். உங்களை மட்டும் மரியாதைக்காகச் சிவப்பாக்கினேன். சில பேர் நாற்காலியே இல்லாத இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள், ஹவுஸ்ஃபுல் என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். மணி அடித்ததும் அத்தனை பச்சையும் எழுந்து, முன்வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், டிக்கெட் கவுன்டர் பக்கத்திலுள்ள கெட்டிச் சுவருக்குள் புகுந்து தெருவுக்குப் போய்விட்டன. எல்லோரையும் முந்திக்கொண்டு போனது சிவப்பு. பக்கத்து மேசைக்காரி சிரித்துச் சிரித்து மேசையிலேயே கவிழ்ந்துவிட்டாள். எங்கள் தலைவர் காபியோடு எட்டிப் பார்த்து, "பேய்ப்படமா? உங்க அத்தான் தியேட்டர்ல நல்லா ஓடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் சிரித்தேன். பிறகு, பின்கதவை அடைக்க நீங்கள் வரவழைத்திருக்கும் கொத்தனார் நினைவுக்கு வந்தார், உடனே இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன். கணினியில் சுவருக்குள் நுழைந்து போகலாம், உங்கள் தியேட்டரில் முடியாது. முன்வரிசையில் என் மருமகள் உட்கார்ந்து படம் பார்க்கிற இடம் அது.

ஆகவே நான் சொன்னது தப்பு, முழுத் தப்பு, மன்னித்துவிடுங்கள். சுவர்களைக் கெட்டியாக்கி மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன். அதுவரை கொத்தனாருக்கு டீயும் பேச்சும் கொடுத்து உட்கார வையுங்கள். பேச்சுக்கு உங்களிடம் பஞ்சமில்லை. அக்காவுக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு முத்தம், உங்களுக்கு வணக்கம், செங்கல்லுக்கு ஓய்வு.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத மைத்துனன்

பி.கு.: அனுப்பப் போகும் நேரத்தில் பக்கத்து மேசைக்காரி படத்தை மறுபடி பார்த்துவிட்டு, "லூசு, புள்ளியெல்லாம் தலைகீழா வரைஞ்சிருக்க" என்றாள். என் கணக்கு கீழிருந்து மேலே அளக்கிறது, படம் மேலிருந்து கீழே அளக்கிறது. நிமிர்த்திப் போட்டால் எல்லோரும் அவரவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாருமே சுவரில் நுழையவில்லை, ஒழுங்காக ஒரு கதவு வழியாகத்தான் போகிறார்கள். ஆகையால் மேலே கேட்ட மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு சங்கதி, அது பின்கதவு. முன்வாசலை நினைத்து 'ஒன்றாம் கதவை மட்டும் திற' என்று எழுதியிருந்தேன். கணினி பூஜ்யத்திலிருந்து எண்ணுகிற ஜாதி, அதற்கு ஒன்று என்றால் இரண்டாவது கதவு. அதைத் திறந்து முன்வாசலைப் பூட்டிவிட்டது. அடைத்தே தீருவேன் என்றால் உங்கள் பெயர் செதுக்கிய முன்வாசலைத் தாராளமாக அடையுங்கள். படத்தை இணைத்திருக்கிறேன், நீங்களே பாருங்கள். சிவப்புப் புள்ளி முதல் ஆளாக ஓடித் தப்புகிற கதவில்தான் இப்போது கொத்தனார் நின்றுகொண்டிருக்கிறார்.