மெமோ சாரின் சம்பளம்

"என்னண்ணே, டயருக்குக் காத்தடிக்கப் போறீங்களா?"

வாட்ச்மேனின் குரல் கேட்டதும் நாலாம் நம்பர் துள்ளி எழுந்தார். அவர் குனிந்து ஆராய்ந்துகொண்டிருந்தது அவருடைய ஸ்கூட்டரை அல்ல. மெமோ சாருடைய ஸ்கூட்டரை.

"சாவி விழுந்துடுச்சுப்பா, தேடுறேன்."

"அப்ப கையில வெச்சிருக்கீங்களே, அது யாரோடது?"

அசடு வழிய நழுவினார். பாட்டில் மூடி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் நாலாம் நம்பர் மெஷினை இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறவர் அவர். அதனால் மெஷினின் நம்பரே அவருக்குப் பெயராகிவிட்டது. மெமோ சார் என்பவர் ஹெச்.ஆர். அதிகாரி. முப்பது வயது. ஐந்து நிமிடம் தாமதமாக வந்தாலும் சிரிக்காமல் ஒரு மெமோ நீட்டுவார்.

நாலாம் நம்பருக்கு அவருடைய டயரில் என்ன வேலை? எல்லாம் மகளால் வந்தது. அவளுக்கு ஹெச்.ஆர். பட்டப்படிப்பில் இடம் கிடைத்திருந்தது. கட்டணத்துக்குக் கல்விக் கடன், கடனுக்கு அப்பாவின் ஜாமீன் கையெழுத்து. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் படிவம் பேங்குக்குப் போகாவிட்டால் இடம் கைநழுவிவிடும். தொகையைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவருடைய முப்பத்தொரு மாதச் சம்பளம். சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல், பெட்ரோல் போடாமல் இருந்தால்!

"படிச்சு முடிச்சா மாசம் எவ்வளவும்மா கிடைக்கும்?" என்று மகளிடம் கேட்டார்.

"நல்லா கிடைக்கும்ப்பா."

"நல்லான்னா?"

"கை நிறைய."

"யாரு கை நிறைய? என் கையா, உன் கையா?"

மகள் கதவைச் சாத்திக்கொண்டாள். மனைவி குறுக்கே வந்தாள். "ஏங்க, ஒரு கையெழுத்துப் போட ஒரு வாரமா? கல்யாணப் பதிவுல கூட ஒரு நிமிஷத்துல போட்டீங்களே."

"அப்பவும் யோசிச்சிருக்கணும்" என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டேயிருந்தார். அவருக்குப் பயமாக இருந்தது. மகள் ஆசைப்பட்டதை இல்லையென்று சொல்லவும் பயம், சொல்லாமல் அவள் தலையில் கடனைக் கட்டவும் பயம். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு எண். ஹெச்.ஆர். படித்த ஒருத்தருக்கு மாதம் எவ்வளவு?

அவருக்குத் தெரிந்த ஒரே ஹெச்.ஆர். மெமோ சார்தான். திங்கட்கிழமை நேரே போய்க் கேட்டேவிட்டார்.

"சார், உங்களுக்குச் சம்பளம் எவ்வளவு?"

மெமோ சாரின் முகம் சட்டென்று சிவந்தது. "அது ரகசியம். எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மாதான் சார்."

ஹெச்.ஆர். அறைக்குள் யாரும் சும்மா போய் எதையும் கேட்டதில்லை என்பது வெளியே வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

மறுநாள் மெமோ சார் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நாலாம் நம்பர் மெஷின் பக்கம் வந்து நின்றார். அஞ்சு நிமிடம் இல்லை, அரை மணி நேரம். மூடிகள் கொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு நேரம் நின்னா கால் வலிக்காதா?"

"கால் வலியா? எனக்கா?" நாலாம் நம்பர் அங்கேயே இரண்டு தோப்புக்கரணம் போட்டுக் காட்டினார். மூன்றாவதில் முட்டி சத்தம் போட்டது. நல்லவேளை, மெஷின் சத்தத்தில் அது கேட்கவில்லை.

"இந்த வேலையைக் கத்துக்க எத்தனை நாளாகும்?"

"பத்து வருஷம் சார்!"

மெமோ சாரின் முகம் தொங்கிப்போயிற்று. நோட்டில் எதையோ எழுதி, இரண்டு கோடு போட்டு அடித்துவிட்டுப் போனார்.

பக்கத்து மெஷின்காரர் காதருகே வந்து கத்தினார். "அண்ணே, உங்களைத் தூக்கப் போறாங்க! கத்துக்க எத்தனை நாளாகும்னு எதுக்குக் கேப்பாங்க? வேற ஆளைப் போடத்தான். சம்பளத்தைக் கேட்டு வம்பை விலைக்கு வாங்கிட்டீங்களே."

அன்று முழுக்க நாலாம் நம்பர் மெஷினை விட்டு நகரவில்லை. ஆனாலும் கையெழுத்துக்கு எண் வேண்டுமே! வாயால் கேட்டால்தானே வம்பு, கண்ணால் பார்ப்போம் என்று துப்பறியக் கிளம்பினார். டயர் வழவழவென்று தேய்ந்திருந்தது. கையில் காசில்லை என்று அர்த்தம். அல்லது வீட்டில் கார் நிற்கிறது, ஸ்கூட்டரைக் கவனிக்க நேரமில்லை. மத்தியானம் மெமோ சார் டப்பாவைத் திறந்தார். இரண்டு துண்டு ரொட்டியும் ஒரு வாழைப்பழமும். ஒன்று வசதியில்லாதவர் சாப்பாடு, இல்லை டாக்டர் சொல்லி வசதியானவர் சாப்பிடும் சாப்பாடு. எதைப் பார்த்தாலும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

புதன்கிழமை வாட்ச்மேனிடம் மாட்டிக்கொண்டதோடு நிறுத்தியிருக்கலாம். வியாழக்கிழமை சம்பளக் கவர்கள் வந்தன. ஆபீஸ் வாசலில் இருக்கும் மர அலமாரியில் ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு பொந்து. தன் கவரை எடுக்கப் போன கை, பக்கத்துப் பொந்துக்குள் போய்விட்டது. பிரிக்கவில்லை, சத்தியமாகப் பிரிக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். உள்ளே காகிதம் மடிந்திருந்ததில் பூஜ்யங்கள் மட்டும் தெரிந்தன. பூஜ்யத்துக்கு முன்னால் என்ன?

"அது என்னோட கவர்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மெமோ சார். கையும் களவுமாக!

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் மெமோ சார், இந்தப் பக்கம் நாலாம் நம்பர், ஓரத்தில் எல்லாவற்றையும் டைப் அடிக்கும் டைப்பிஸ்ட் அம்மா. நாலாம் நம்பரின் சட்டைப் பையில் கையெழுத்தில்லாத படிவம் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது.

"என் கவரை எதுக்கு எடுத்தீங்க?"

"தப்புதான் சார்."

"யார் சொல்லி எடுத்தீங்க? என் சம்பளத்தை வெளிய சொல்லி என்னைப் பாத்து எல்லாரும் சிரிக்கணும்னா?"

நாலாம் நம்பருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. படிவத்தை எடுத்து மேசைமேல் விரித்தார்.

"சிரிக்க இல்ல சார். என் பொண்ணு நீங்க படிச்ச படிப்பைத்தான் படிக்கப் போறேங்கறா. அஞ்சு மணிக்குள்ள நான் இதுல கையெழுத்துப் போடணும். அவ சம்பாதிச்சு இதைக் கட்டிடுவாளா, இல்ல கட்டிக் கட்டியே அவ காலம் போயிடுமா? அது தெரியாம கை வர மாட்டேங்குது சார். ஒரு வாரமா சோறு இறங்கல."

டைப் அடிக்கும் சத்தம் நின்றது. மெமோ சார் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். தொகையைப் பார்த்தார். வட்டி எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இன்னும் இதே வட்டிதானா?" என்றார் மெல்ல.

"சார்?"

"ஒண்ணுமில்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். "நான் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க சார்."

"உங்க மெஷினைக் கத்துக்க நிஜமாவே பத்து வருஷம் ஆகுமா?"

நாலாம் நம்பர் நாற்காலி நுனிக்கு வந்தார். வந்துவிட்டது, கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது. "ஆகும் சார்!"

"நல்லா படிச்ச ஆளா இருந்தா? ஓவர்டைமுக்கும் தயாரா இருந்தா? நீங்களே கூட நின்னு சொல்லிக் குடுத்தா?"

"என்னைத் தூக்கிட்டு, அந்த இடத்துக்கு வர்றவனுக்கு நானே சொல்லிக் குடுக்கணுமா?" நாலாம் நம்பர் எழுந்து நின்றுவிட்டார். "பொண்ணோட கடன் ஒரு பக்கம், இருக்கிற வேலையும் போச்சுன்னா நான் எங்க சார் போவேன்? கவரைப் பிரிச்சுக்கூடப் பாக்கலையே!"

மெமோ சார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலேகால். படிவம் மேசைமேல் மெமோ சார் இழுத்து வைத்த இடத்திலேயே கிடந்தது.

டைப்பிஸ்ட் அம்மா கதவை ஒருமுறை எட்டிப் பார்த்தார். நாற்காலியை நாலாம் நம்பர் பக்கம் நகர்த்திக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, உங்க வேலையை யாரும் பிடுங்கல, போன வாரம் ஆறாம் நம்பர் மெஷினுக்கு ஆள் வேணும்னு நோட்டீஸ் ஒட்டினோமே, அதுக்கு வந்த முதல் விண்ணப்பமே சாரோடதுதான்."