வெயிலை மறைத்த பூட்டுக்காரர்

குடையும் மிஷின் கடைவாய்ப் பல்லுக்கு ஒரு நூல் தூரத்தில் வந்தபோது நின்றுபோனது.

பூட்டுக்காரர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். உயிர் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே சூரியனை ஒரு பெரிய மேகம் அப்போதுதான் மூடியிருந்தது.

"இன்னிக்கு இது ஓடாது. நாளைக்கு லீவு, நாளன்னிக்கு வாங்க," என்றார் பல் டாக்டர்.

ஊரில் யாருக்கும் மசியாத பூட்டையெல்லாம் திறந்தவர் பூட்டுக்காரர். இரும்புப் பெட்டிகள் அவருடைய காலடிச் சத்தம் கேட்டே திறந்துகொள்ளும். அப்படிப்பட்டவர் தம் வாயைத் திறக்க மட்டும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். அதற்குள் கன்னம் வீங்கி, எதிரே வருபவர்கள் ஒதுங்கி வழிவிடும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. கடைசியில் மனைவிதான் இழுத்து வந்தாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் அந்த மேகத்தையே நினைத்தார். டாக்டருக்கு ஒரு பழக்கம்: நோயாளியின் வாய்க்குள் கை வைத்த பிறகுதான் பேச ஆரம்பிப்பார், எதிர்ப்பேச்சு வராதல்லவா. அன்று மொட்டைமாடியில் சோலார் பேனல் போட்ட பெருமையைச் சொன்னார். குழாயில் வெந்நீர், வராந்தாவில் விளக்கு, காத்திருப்பவர்களுக்கு ஃபேன், எல்லாம் வெயில் தயவு. பட்டியல் நீண்டது, மிஷின் உறுமியதில் மிச்சம் காதில் விழவில்லை. மேகம் மூடியது, மிஷின் நின்றது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மறுநாள் காலை, ஆளில்லாத கிளினிக்கின் வெளிப்படிக்கட்டில் ஏறினார். மாடிக் கதவின் பூட்டு அவரிடம் மூன்று விநாடி தாக்குப்பிடித்தது. பேனல்மேல் வீட்டுக் கட்டில் விரிப்பை விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்தார். விரிப்பு மெல்லியது, வெயில் கசிந்து உள்ளே போய்விட்டால்? அதற்கு மேல் தார்ப்பாயும் போர்த்தினார்.

வீட்டில் மனைவி விரிப்பைத் தேடினாள். வலி பொறுக்காமல் கடித்துத் தின்றுவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்து, சலவைக்குப் போட்டதாகச் சொல்லி வைத்தார்.

மூன்றாம் நாள் வராந்தாவில் ஃபேன் ஓடவில்லை. காத்திருந்தவர்கள் காகிதத்தால் விசிறிக்கொண்டிருந்தார்கள். பூட்டுக்காரருக்குப் பரம திருப்தி.

அப்போது உள்ளேயிருந்து 'ர்ர்ர்ர்' என்று கேட்டது.

பூட்டுக்காரர் துள்ளி எழுந்தார். யாருக்கோ பல்லைச் சுத்தம் செய்கிறார்கள் என்றாள் மனைவி.

"நான் பாத்ரூம் போயிட்டு வரேன்."

"இப்பத்தானே போனீங்க?"

"அது வேற பயத்துக்கு."

மாடிக்கு ஓடினார். தார்ப்பாயின் ஓரத்தில் கையகல இடைவெளி. சட்டையைக் கழற்றி அடைத்தார். கீழே சத்தம் நிற்கவில்லை. கால்மிதியைப் போட்டார், தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கி வைத்தார். நிற்கவில்லை. கடைசியில் தாமே பேனல்மேல் ஏறிக் குப்புறப் படுத்து, கைகால்களை விரித்து, சூரியனுக்கு முதுகைக் காட்டினார். வயிறு வெந்தது.

சத்தம் நின்றது.

கண்ணீரோடு சிரித்தார். ஒரு பக்கக் கன்னத்தால் முடிந்தவரை.

"அடுத்த ஆளைக் காணோமேன்னு டாக்டர் தேடறார்," என்று தலைக்கு மேல் ஒரு குரல். நர்ஸ். அவள் பின்னால் மனைவி. மனைவி பேனலைப் பார்க்கவில்லை, விரிப்பைத்தான் பார்த்தாள்.

"இதுதான் சலவையா?"

அடுத்த நிமிஷம் அவர் நாற்காலியில் இருந்தார். மனைவி வாசலை அடைத்து நின்றாள். டாக்டர் விளக்கைச் சாய்த்துப் பார்த்து முகம் சுளித்தார்.

"சீழ் வச்சிருக்கு. இனி ஒரு நாள் தள்ளினாலும் தாடைக்கே ஆபத்து. இன்னிக்கே முடிச்சாகணும்."

பூட்டுக்காரர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்: மேகம், விரிப்பு, அந்தச் சத்தம் கேட்டாலே உயிர் போகிற பயம். டாக்டர் அவர் தோளைத் தட்டினார்.

"இதுக்கா இவ்வளவு பாடு? முதல்ல மரத்துப்போக ஊசி போடுவேன். அப்புறம் பல்லையே தூக்கிட்டுப் போனாலும் உங்களுக்குத் தெரியாது."

பத்து நாளில் முதல் தடவையாகப் பூட்டுக்காரர் நிம்மதியாக மூச்சு விட்டார். யாரும் சொல்லாமலே வாயைத் திறந்தார்.

மருந்து எடுக்கப் போன நர்ஸ் வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"டாக்டர், மரத்துப்போற மருந்து வச்ச ஃபிரிட்ஜ்தான் சோலார்ல ஓடுது, ரெண்டு நாளா வெயில் படாம அத்தனையும் கெட்டுப்போச்சு. மிஷின் தெருக் கரண்ட்லதானே ஓடுது, அன்னிக்கு மிஷின் நின்னப்போ போன மாதிரி இன்னிக்குக் கரண்டும் போகலை."