பெட்டிசம் நானாவும் ஒரு சொல்லும்

கண்டியில் எல்லாரும் அரசாங்கத்திடம் வேலை கேட்பார்கள். அரசாங்கத்துக்கே வேலை கொடுத்த ஒரே மனிதர் பெட்டிசம் நானா. எங்கள் அரசாங்கக் கந்தோர் வாசலில் குடை விரித்து உட்கார்ந்து, சனங்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பார். உள்ளே கிளாக்கு வேலையில் இருந்த நான், அதை வாங்கி வாசித்துவிட்டுத் தலையில் கை வைப்பேன்.

எழுத்து முத்துமுத்தாக இருக்கும். ஆனால் ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று செத்தாலும் எழுத மாட்டார். எல்லாக் கடிதமும் ஒரே மாதிரித்தான் முடியும்: ‘இது உங்கள் கடமை. செய்யவும்.’

“ஒரு சொல்லுத்தானே நானா, போட்டுவிடுங்கோவன்” என்று நானும் கேட்டுப் பார்த்தேன்.

“தாழ்மையாக் கேக்க இது என்ன பள்ளியில சும்மா குடுக்கிற கந்தூரிச் சோறா, தம்பி? நெருப்புப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுறோம். நீங்க இரிக்கிற கதிரையும் அந்தச் சல்லிதான்.”

அன்று முழுக்க எனக்குக் கதிரை குத்தியது.

குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எழுதச் சொன்ன கடுகண்ணாவை ஊர்க் கிழவர் ஒருவருக்கு, அரசு என்பது எதற்காக உண்டானது என்று நாலு பக்கம் எழுதினார். தண்ணீர் ஐந்தாம் பக்கத்தில்தான் வந்தது. “இதுக்கு என்னைப் பிடிச்சு உள்ளே போட மாட்டாங்களே?” என்று கேட்டுவிட்டுத்தான் கிழவர் கையெழுத்து வைத்தார்.

எங்கள் கந்தோரின் மேலதிகாரியான பெரியவர் சிங்களவர், தங்கமான மனுஷன். மொழிப் பரீட்சைக்காகத் தமிழ் படித்தவர். தமிழில் விண்ணப்பம் என்றால் அதில் ‘தாழ்மையுடன்’ இருக்கும் என்று வகுப்பில் யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சொல் இருந்தால் விண்ணப்பம், இல்லாவிட்டால் முறைப்பாடு. முறைப்பாட்டுக் கோப்புக்குள் போன எதுவும் திரும்பி வந்ததை நான் கண்டதில்லை.

இந்த நிலையில்தான் கலஹா தேயிலைத் தோட்டத்திலிருந்து செல்வமணி என்ற அம்மா வந்தார். மகள் கௌசல்யாவைப் பிறப்புப் பதிவில் ‘ஆண்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். அதைத் திருத்தினால்தான் அடையாள அட்டை. அட்டை இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

“கொஞ்சம் கெஞ்சி எழுதுங்கய்யா. புள்ளையோட படிப்பே போயிரும்” என்று அழுதார்.

“பிழ விட்டது அவங்க. நீங்க ஏன் கெஞ்சணும், மகள்?” என்று சொல்லி, நானா வழக்கம்போல எழுதினார். கடிதம் நேரே முறைப்பாட்டுக் கோப்புக்குள் போனது.

எனக்குப் பொறுக்கவில்லை. பெரியவர் சாப்பிடப் போன நேரம் கடிதத்தை உருவினேன். கடைசி வரியில்தான் கொஞ்சம் இடம் இருந்தது. அவசரத்தில் அங்கே ‘தாழ்மையுடன்’ என்று செருகி, அவருடைய மேசையில் வைத்துவிட்டேன். பெரியவர் அந்தச் சொல்லைக் கண்டார். உடனே ஒப்பம் வைத்தார். பிறகுதான் ஆறுதலாக வாசித்தேன்: ‘இது உங்கள் கடமை. தாழ்மையுடன் செய்யவும்.’

கௌசல்யா பெண்ணானாள்; பரீட்சையும் எழுதினாள். நானா என் மேசைக்கே வந்துவிட்டார்.

“பாத்தீங்களா தம்பி, கெஞ்சாமலே நடந்திச்சி.”

“ஓம் நானா” என்றேன். அரசாங்கம் தானாகவே கடமையைச் செய்துவிட்டது என்று அந்த மனுஷன் பட்ட சந்தோஷம் இருக்கிறதே, அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.